பழைய விதிப் பந்தாட்டம்

ஏட்டிற் கற்று அறியப்படும் வரலாறு ஒன்று. செய்து பார்த்து அறியப்படும் வரலாறு மற்றொன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பொதுமக்கள் ஓய்வுநாட்களில் ஆடிவரும் பழைய விதிப் பேஸ்போல் ஆட்டம் பின்னையதற்குத் தக்கதொரு சான்றாகும்.

பேஸ்போல் என்பது சதுரமாய் அமைந்த நான்கு தளங்களைச் சுற்றி ஆடப்படுவது. எதிரணியினர் எறியும் பந்தை மட்டையால் அடித்தவர், அத்தளங்களைச் சுற்றியோடித் தொடங்கிய இடத்தை மீண்டும் அடைவாராயின் அவரணிக்கு ஓரோட்டம் கிடைக்கும். இவ்வாட்டத்துக்கு நியூயோர்க் நகரத்து நிக்கபொக்கர் கழகத்தார் 1845ஆம் ஆண்டில் விதிகளை எழுதி வகுத்தனர். 1857இற் கூடிய கழகங்களின் மாநாடு, ஓராட்டத்துக்கு ஒன்பது சுற்றுக்கள் என வரையறுத்தது.

1860ஆம் ஆண்டளவில் நிலவிய ஆட்டம் இக்காலத்து ஆட்டத்தினின்றும் பெரிதும் வேறுபட்டது. பந்தெறிபவர் கையைத் தாழ்த்திக் கீழிருந்தே எறிதல் வேண்டும். தோளுக்கு மேலாக எறிதலைத் தேசிய லீக் 1884இலேயே அனுமதித்தது. களத்தில் நிற்போர் கையுறை அணிவதில்லை. அடிக்கப்பட்ட பந்து நிலத்தில் ஒருமுறை பட்டெழும்பிய பின் அதனைப் பிடித்தாலும் அடித்தவர் ஆட்டமிழப்பார்.

இக்கடைசி விதியை ஏட்டிற் படிப்போர், இது சிறுவர்க்குரிய சலுகையென எண்ணுதல் கூடும். அக்காலத்திலும் அவ்வாறு எண்ணினோர் இருந்தனர். இங்கிலாந்திற் பிறந்து கிறிக்கற் ஆட்டத்தை நன்கறிந்த பத்திரிகையாளர் ஹென்றி சட்விக், பந்தை நிலம் படுமுன் பிடித்தலே சிறந்ததென வாதாடினார். 1864ஆம் ஆண்டிறுதியில் அவர் தரப்பே வென்றது. ஆயின், வன்மையான பந்தை வெறுங்கையால் ஏந்திப் பார்ப்பவர்க்கே மறுபக்கம் புலப்படும். விரல் முறிந்தவர் மறுநாட் தம் தொழிலுக்குச் செல்லுதல் அரிது. பந்து எழும்பும்வரை காத்து நின்று பிடித்தலில் ஒரு விவேகம் உண்டு. ஏட்டில் விளங்காத விதி இவ்வாறு கைந்நோவால் விளங்குகின்றது.

1981ஆம் ஆண்டில் ஒகாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், 19ஆம் நூற்றாண்டு ஊரொன்றின் சாயலில் அமைக்கப்பட்ட வரலாற்றுக் காட்சியகத்தின் சார்பில் ஓரணி தோன்றிற்று. அவ்வணியினர் 'மபின்கள்' எனப் பெயர் பூண்டனர். பந்தைக் கைநழுவ விடும் திறனற்ற ஆட்டக்காரரை முற்காலத்தில் அச்சொல்லாற் குறித்தனர். வெற்றியினும் தோழமையையே பெரிதெனக் கொண்டமையை அப்பெயர் உணர்த்தும். 1996இற் பல கழகங்கள் கூடிச் சங்கமொன்றை நிறுவின. பழைய உடை, பழைய சொல்வழக்கு, நடுவர்பால் மரியாதை என்பன இக்கழகங்களிற் பேணப்படுகின்றன.

ஈண்டுச் சிந்திக்கற்பாலது ஒன்றுண்டு. 1867ஆம் ஆண்டு டிசெம்பரில், அந்நாளைய தேசியச் சங்கத்தின் மாநாடு, கறுப்பினத்தவரை உறுப்பினராகக் கொண்ட கழகங்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. வெறுங்கையாற் பந்தேந்திய அப்பெருமக்களே கதவையும் அடைத்தனர். இக்காலக் கழகங்கள் அவ்விலக்கை மீட்டெடுக்கவில்லை. பலவற்றிற் பெண்களும் ஆடுகின்றனர். அது செம்மையே. எனினும், பழைய உடையையும் இன்சொல்லையும் மாத்திரம் காண்போர், அக்காலம் முழுவதும் அவ்வண்ணமே இனிதாயிருந்ததென மயங்குதல் கூடும். ஆதலின், தாம் கைவிட்ட விதியையும் பார்வையாளர்க்கு எடுத்துரைத்தல் ஆடுவோர் கடனாகும்.

முன்னோர் விதியை ஆடிப் பார்த்தல் அவர்தம் அறிவை அறிதற்கு வழி; அவர்தம் பிழையை மறவாதிருத்தல் அவ்வறிவை நிறைவாக்குதற்கு வழி. இவ்விரண்டும் கூடியவிடத்தே விளையாட்டும் வரலாறாகும்.