பாட்டியின் அரக்குப் பட்டும் நாலாயிரம் பைல்களும்

"மாமா, கேம் திறக்கறதுக்குள்ள நான் குளிச்சிட்டே வந்துடலாம்" என்று அடையாறிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். கம்ப்யூட்டர் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. கம்ப்யூட்டரில் கோளாறா என்று அக்காவுக்குக் கவலை. சனிக்கிழமை மயிலாப்பூரிலிருந்து கிளம்பிப் போனேன்.

அவள் விளையாடுவது தி சிம்ஸ் 4. மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டி, குடும்பம் நடத்த வைக்கும் கேம் இது. 2000-ல் தொடங்கிய வரிசையில் நான்காவதான இது 2014-ல் வந்தது. 2022 அக்டோபரிலிருந்து அடிப்படை கேம் இலவசம் என்பதால் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் இதைப் பார்க்கலாம். கேமோடு வரும் துணிகளில் நம் ஊர் உடைகள் குறைவு. 2021-ல் மும்பை தெரு பாணியை ஒட்டி பேஷன் ஸ்ட்ரீட் என்ற கிட் வந்தது. அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். எனவே ரசிகர்களே சேலை, தாவணி, ஜிமிக்கி என்று செய்து இணையத்தில் தருகிறார்கள். இவற்றை கஸ்டம் கன்டென்ட் என்பார்கள். நம் பெண் கண்ணில் பட்டதையெல்லாம் இறக்கியிருந்தாள்.

பைல்கள் எங்கே இருக்கின்றன? டாகுமெண்ட்ஸ் போல்டரைத் திறந்து, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், தி சிம்ஸ் 4, மோட்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே செல்லுங்கள். துணிகள் எல்லாம் பேக்கேஜ் என்று முடியும் பைல்கள். அவள் போல்டரில் 4,112 பைல்கள், 19 ஜிபி. தீபாவளிக்கு முந்தின ஞாயிறன்று தி.நகர் ரங்கநாதன் தெருவில் நிற்பது போல இருந்தது.

இங்கேதான் நான் தவறு செய்தேன். பைல்களை அளவு வாரியாக அடுக்கி, புரியாத பெயருடைய பெரிய பைல்களாகப் பார்த்து முப்பதை டெலீட் செய்தேன். கேம் கொஞ்சம் வேகமாகத்தான் திறந்தது. ஆனால் அவள் உருவாக்கிய வீட்டில் பாட்டிக்குக் கழுத்துக்குக் கீழே உருவமே இல்லை! அந்தப் பாட்டி என் அம்மா. போன வருடம் காலமானார். அவர் எப்போதும் கட்டும் அரக்குப் பட்டுக்கு ஒத்த நிறம் கிடைக்க இவள் மூன்று வாரம் தேடினாளாம். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள்.

நல்ல வேளை, ஷிப்ட் கீயை அழுத்தாமல் டெலீட் செய்திருந்தேன். கேமை சேவ் செய்யாமல் வெளியேறினேன். ரீசைக்கிள் பின்னைத் திறந்து, முப்பதையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ரீஸ்டோர் கொடுத்தேன். சேலை திரும்பி வந்தது. சேவ் செய்யாதது முக்கியம். ஒரு துணியின் பைல் முழுவதுமாகப் போயிருந்தால், கேம் தன்னிடமுள்ள வேறு எதையாவது மாட்டிவிடக்கூடும். அப்படியே சேவ் செய்தால் அதுவே நிலைத்துவிடும்.

நடந்தது இதுதான். சில துணிகள் இரண்டு பைல்களாக வரும். மெஷ் என்பது தைத்த துணி. ரீகலர் என்பது அதற்குப் போட்ட சாயம். நான் சாயத்தை விட்டுத் துணியைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

பிறகு முறையாகச் செய்தோம். முதலில் தி சிம்ஸ் 4 போல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தோம். அடுத்து, பாட்டி குடும்பத்தை கேமின் லைப்ரரியில் சேவ் செய்து, சிம்ஸ் 4 ட்ரே இம்போர்ட்டர் என்ற இலவச புரோகிராமில் திறந்தோம். அந்தக் குடும்பம் எந்தெந்த பைல்களைப் பயன்படுத்துகிறது என்று இது பட்டியல் போடும். 46 பைல்கள் வந்தன. அவற்றை மோட்ஸ் போல்டருக்குள்ளேயே 'பாட்டி' என்று தனி போல்டர் அமைத்து அதில் வைத்தோம். ட்ரே பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம் என்று, மெஷ்களும் வந்துவிட்டனவா என்று கேமைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொண்டோம்.

மீதியைச் சேலை, சுடிதார், நகை, தலைமுடி என்று பிரித்தோம். போல்டருக்குள் போல்டர் வைக்கலாம், ஆனால் ஐந்து அடுக்குக்கு மேல் போனால் கேம் படிக்காது. ஸ்கிரிப்ட் வகை மோட்களுக்கு ஒரே அடுக்குதான். வேண்டாத துணியைக் கண்டுபிடிக்க, உடை மாற்றும் திரைக்குச் செல்லுங்கள். கஸ்டம் துணிகளின் மேல் சிறிய ஸ்பேனர் படம் இருக்கும்.

ஏதோ ஒரு பைல் கேமையே முடக்குகிறது, எதுவென்று தெரியவில்லை என்றால் பாதி பைல்களை டெஸ்க்டாப்புக்கு நகர்த்தி கேமை இயக்குங்கள். கோளாறு நீங்கினால் குற்றவாளி வெளியே எடுத்த பாதியில், நீங்காவிட்டால் உள்ளே. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். நாலாயிரம் பைல்களானாலும் பன்னிரண்டு, பதின்மூன்று முறையில் பிடித்துவிடலாம். மெஷ்ஷையும் ரீகலரையும் மட்டும் பிரித்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் லோக்கல்தம்ப்கேஷ் என்ற பைலை டெலீட் செய்திடவும். இது மோட்ஸ் போல்டருக்கு வெளியே இருக்கும். கேம் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

கேமுக்கு அப்டேட் வந்தபின் துணிகள் மொத்தமும் காணாமல் போனால் பதறாதீர்கள். அப்டேட் ஆனதும் கேம் இவற்றைத் தானே நிறுத்திவிடும். கேம் ஆப்ஷன்ஸில் அதர் பிரிவுக்குச் சென்று, கஸ்டம் கன்டென்ட்டை அனுமதிக்கும் கட்டத்தில் டிக் செய்து, கேமை மூடித் திறந்தால் போதும்.

பழைய சிம்ஸ் 2 வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். உடை மாற்றும் திரையில் நட்சத்திரக் குறியுள்ள துணியைத் தேர்ந்தெடுத்து, குப்பைத் தொட்டியைக் கிளிக் செய்தால் பைலே போய்விடும். மோட்ஸுக்குப் பதில் அதில் டவுன்லோட்ஸ் போல்டர்.

மாலை ஆறு மணிக்கு 1,300 பைல்கள் மிஞ்சின. கேம் ஒன்றரை நிமிடத்தில் திறந்தது. 'பாட்டி' போல்டரை மட்டும் பென் டிரைவில் போட்டு எனக்கும் ஒரு காப்பி கொடுத்தாள். நான் செருப்பு மாட்டும்போதே, வைர மூக்குத்தி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தாள்.