உங்களுக்குத் தெரியுமா? கூரைக்குப் புகையே காவல்!

ஜப்பானின் ஷிரகாவாகோ மலைக் கிராமத்தில் பனி ஆள் உயரத்துக்குக் கொட்டும். 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் இது. பனி தங்காமல் சறுக்கட்டும் என்று, புல் கூரையைக் கும்பிடும் கைகளைப் போலச் செங்குத்தாக வேய்ந்திருக்கிறார்கள். கூரைச் சட்டங்களில் ஆணியே கிடையாது. கயிறும் முறுக்கிய மரக்கொம்பும்தான் பிணைப்பு. பாரம் ஏறினால் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். கூடத்து அடுப்பின் புகை மேலேறிப் பூச்சியை விரட்டும், புல்லையும் கயிற்றையும் ஈரமில்லாமல் வைக்கும். அடுப்பெரியாத வீட்டில் கூரை சீக்கிரம் மக்கிவிடும்.

30, 40 வருடத்துக்கு ஒருமுறை பழைய புல்லைப் பிரித்துப் புதிதாக வேய வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமா? நூற்றுக்கும் மேற்பட்டோர் கூரையில் வரிசையாக ஏறி வேலையை முடித்துக் கொடுப்பார்கள். வழக்கப்படி கூலி இல்லை; அடுத்தவர் கூரைக்கு நாம் போக வேண்டும், அவ்வளவுதான்.

நெருப்புப் பயம்? நிறையவே உண்டு. ஊரெங்கும் நீர்பீய்ச்சிகளை நிறுவி, ஆண்டுதோறும் ஒத்திகை பார்க்கிறார்கள்.