நோயுற்றவரை வீடு சேர்க்கும் வழி

வளைகுடா நாட்டில் வேலை செய்யும் மகன் பக்கவாதத்தால் மருத்துவமனையில் இருப்பதாகச் செய்தி வருகிறது. "எப்படியாவது ஊருக்குக் கொண்டு வந்துவிடுங்கள்" என்று தாய் கதறுகிறார். அந்தத் தவிப்பு நமக்குப் புரிகிறது. ஆனால், அன்புக்குரியவர்களே, பயணச்சீட்டு எடுப்பது இதில் கடைசி வேலை. அப்படியானால் முதல் வேலை எது?

நோயாளி பயணத்தைத் தாங்குவாரா என்று மருத்துவரிடம் கேட்பதே. பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில், அதாவது நம் உதகையில் இருப்பதுபோலக் குறைகிறது. நலமுள்ளவருக்கு இது தெரிவதில்லை. இதயமோ நுரையீரலோ பலவீனமானவருக்கு மூச்சுத் திணறலாம். அறுவை சிகிச்சைக்குப்பின் உடலுக்குள் தங்கிய காற்று விரிந்து தீங்கு செய்யலாம். எனவே, மருத்துவர் சொல்லும் நாள்வரை காத்திருப்பது அலட்சியமல்ல, அதுவும் அன்புதான்.

அவர் ஒப்புதல் தந்தபின், விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை நிரப்பித் தரவேண்டும். படுத்தே வரவேண்டியவருக்கு, வசதியுள்ள விமானங்களில், பல இருக்கைகளை மடித்து அவற்றின்மேல் ஸ்ட்ரெச்சர் பொருத்துவார்கள். அத்தனை இருக்கைகளுக்கும் கட்டணம் உண்டு. ஆக்சிஜன் தேவையை முன்கூட்டியே சொல்லவேண்டும். உடன் மருத்துவரோ செவிலியரோ வரவேண்டியிருக்கும்.

பணத்திற்கு எங்கே போவது? குடியேற்ற அனுமதி பெற்றுச் சென்ற தொழிலாளர்களுக்கு, 2003ஆம் ஆண்டு தொடங்கிய 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு உண்டு. வழியற்றுத் தவிப்போருக்கு உதவவென்றே 2009ஆம் ஆண்டு இந்தியச் சமூக நல நிதி ஏற்படுத்தப்பட்டது. அதற்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுகவேண்டும். கடவுச்சீட்டு எண், மருத்துவமனையின் பெயர், வேலை தந்தவரின் முகவரி மூன்றையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். மருத்துவமனைக் கட்டணப் பாக்கி, நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி ஆகியவற்றுக்கு வேலை தந்தவரிடமும் பேசவேண்டிவரும்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. சென்னையிலோ திருச்சியிலோ விமானம் இறங்கும்போது ஆம்புலன்ஸ் காத்திருக்க வேண்டும். நோயாளியைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்த மருத்துவமனையில் படுக்கையும் தயாராக இருக்கவேண்டும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள பெற்றோரே, கடவுச்சீட்டு, காப்பீட்டுப் பத்திரம் இரண்டின் நகலும் இன்றே உங்கள் வீட்டில் இருக்கட்டும். நம் பங்கில் ஒரு குடும்பம் இப்படிக் கலங்கி நின்றால், செபத்தோடு நின்றுவிடாமல், கடிதம் எழுதவும் மருத்துவமனையில் விசாரிக்கவும் ஒருவர் துணைக்குச் செல்வோம். அந்தத் தாய்க்கு அன்று அதுவே பேருதவி.