டிசையரா, அமேஸா? ஒர்க் ஷீட்டைக் கேளுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் பாட்டு, படம், கேம்ஸ் என்று ஓடிவிடும். இரண்டாவது மாதம் மின்கட்டணம் கட்டவும் ரயில் டிக்கெட் எடுக்கவும் பயன்படும். ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராமைத் திறந்து பார்ப்பவர்கள் மட்டும் மிகக் குறைவு. "அது ஆபீஸ்காரர்களுக்கு" என்று ஒதுக்கி விடுகிறோம். ஆனால் வீடு கட்டுவதற்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் செய்யும் பெரிய செலவு கார். அந்த முடிவை எடுக்க இதைவிட நல்ல துணை இல்லை.

என் சொந்த ஊர் ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் உள்ள உத்தனப்பள்ளி. வேலை பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில். கம்ப்யூட்டர் படித்தவன் என்பதால் ஊரில் யார் எதை வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். அண்மையில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா. மற்றவர் தினமும் உத்தனப்பள்ளியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வரும் என் நண்பர். கேள்வி இதுதான்: மாருதி சுசூகி டிசையரா, ஹோண்டா அமேஸா?

இரண்டு பேருக்கும் ஒரே ஒர்க் ஷீட்டைத்தான் போட்டுக் கொடுத்தேன். நீங்களும் போடலாம், வாருங்கள்.

நான்கு மீட்டர் ரகசியம்

முதலில் இந்த இரண்டு கார்களையும் தெரிந்து கொள்வோம். இரண்டின் நீளமும் 3,995 மி.மீ. இது தற்செயல் அல்ல. 2006 மத்திய பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் என்ஜினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்தச் சலுகைக்குள் அடங்க டிக்கியைச் சுருக்கிச் செய்யப்பட்டவைதான் காம்பாக்ட் செடான்கள். 2008-ல் வந்த டிசையர் 2012-ல் நான்கு மீட்டருக்குள் சுருங்கியது. அமேஸ் 2013-ல் வந்தது.

இப்போது கடைகளில் உள்ள டிசையர் 2024 நவம்பரில் அறிமுகமானது. இப்போதைய அமேஸ் அதற்கு அடுத்த மாதம், 2024 டிசம்பரில் வந்தது.

டிசையர்: 1,197 சி.சி., மூன்று சிலிண்டர், சுமார் 82 பி.எஸ். திறன். டிக்கி 382 லிட்டர். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 163 மி.மீ. மேனுவல் கியரில் ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ் லிட்டருக்கு 24.79 கி.மீ.

அமேஸ்: 1,199 சி.சி., நான்கு சிலிண்டர், 90 பி.எஸ். திறன். டிக்கி 416 லிட்டர். தரை இடைவெளி 172 மி.மீ. மேனுவல் கியரில் ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ் 18.65 கி.மீ.

பாதுகாப்பில் என்ன வித்தியாசம்? இரண்டிலும் எல்லா மாடல்களிலும் ஆறு ஏர்பேக் உண்டு. 2025-ல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் இரண்டுமே பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றன. ஆகவே இந்த வரியை ஷீட்டில் சேர்க்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் தகவல் முடிவெடுக்க உதவாது. ஆனால் பழைய கார் வாங்குபவர்கள் கவனிக்கவும். இதற்கு முந்தைய அமேஸ் 2019-ல் குளோபல் என்கேப் சோதனையில் நான்கு நட்சத்திரமும், விதிகள் கடுமையான பின் 2024-ல் இரண்டு நட்சத்திரமும் பெற்றது. நட்சத்திரத்தைக் கேட்கும்போது ஆண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆரம்ப விலையை நம்பாதீர்கள்

அறிமுகமானபோது டிசையரின் ஆரம்ப விலை 6.79 லட்சம். அமேஸின் ஆரம்ப விலை 7.99 லட்சம். வித்தியாசம் 1.20 லட்சம் என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிசையரின் ஆரம்ப மாடலில் டச் ஸ்கிரீன் ஆடியோ இல்லை. அமேஸின் ஆரம்ப மாடலில் உண்டு. ஏறக்குறைய அதே வசதிகள் வேண்டுமென்றால் டிசையரில் அடுத்த மாடலுக்குப் போக வேண்டும். அறிமுகத்தின்போது அதன் விலை 7.79 லட்சம். இப்போது வித்தியாசம் வெறும் 20,000 ரூபாய்! எந்த இரண்டு பொருளை ஒப்பிட்டாலும் சமமான மாடல்களை எதிரெதிரே வையுங்கள். நீங்கள் கம்ப்யூட்டர் வாங்கியபோதும் இப்படித்தானே ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று பார்த்தீர்கள்?

2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால் விலைகள் இறங்கின. ஆகவே இங்கே தரும் அறிமுக விலைகளை உதாரணமாக மட்டும் கொள்ளுங்கள். நீங்கள் வாங்கும் அன்று நிறுவனத்தின் இணைய தளத்தில் உள்ள விலையை அந்த செல்லில் மாற்றினால் போதும், மற்றவை தானாக மாறிக்கொள்ளும். காகிதக் கணக்கில் இந்த வசதி கிடையாது.

ஷீட் தயாரிப்போம்

எக்செல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதில் கால்க் புரோகிராமைத் திறக்கவும். இங்கே செல் பெயர்களைத் தமிழில் அச்சிட்டுள்ளோம். நீங்கள் ஏ, பி, சி ஆகியவற்றை ஆங்கில எழுத்துகளாக டைப் செய்யவும்.

முதல் வரிசையில் பி1 செல்லில் டிசையர், சி1 செல்லில் அமேஸ் என்று தலைப்பு கொடுங்கள். ஏ வரிசையில் 2 முதல் 9 வரை கீழ்க்கண்டவாறு வரும்:

2. காரின் விலை
3. சாலை வரி
4. ஆண்டுக்கு ஓடும் கி.மீ.
5. மைலேஜ்
6. பெட்ரோல் விலை
7. எத்தனை ஆண்டு
8. பெட்ரோல் செலவு
9. மொத்தம்

இனி பி வரிசையை நிரப்பலாம். பி2-ல் 779000. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள கார்களுக்கு ஆயுள் வரி 13 சதவீதம். எனவே பி3-ல் =பி2*13% என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். பி4-ல் உங்கள் கிலோமீட்டர். பி6-ல், கணக்கு எளிதாக இருக்க, 100. பி7-ல் 5.

பி5 செல்லில் 24.79 என்று அப்படியே போட்டுவிடாதீர்கள். ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ் என்பது ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓட்டி அளப்பது. அங்கே அத்திப்பள்ளி டோல்கேட் நெரிசலும் இல்லை, சந்தாபுரம் சிக்னலும் இல்லை. நான் கால் பங்கைக் கழித்து விடுவேன். அதாவது =24.79*75%.

பி8-ல் =பி4/பி5*பி6*பி7. பி9-ல் =பி2+பி3+பி8.

இப்போது பி2 முதல் பி9 வரை செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து சி வரிசைக்கு இழுத்து விடுங்கள். பார்முலாக்கள் தாமாகவே பி என்பதை சி என்று மாற்றிக்கொள்ளும். கால்க் புரோகிராமில் இழுக்கும்போது கண்ட்ரோல் கீயையும் அழுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எண்கள் ஒன்று கூடிவிடும். பிறகு சி2-ல் 799000, சி5-ல் =18.65*75% என்று திருத்தினால் வேலை முடிந்தது. இன்சூரன்ஸ், சர்வீஸ் செலவுகளை இரண்டு ஷோரூமிலும் எழுதி வாங்கிப் புதிய வரிகளாகச் செருகலாம். மொத்தத்தில் அவற்றையும் கூட்ட மறக்க வேண்டாம்.

ஒரே ஷீட், இரண்டு பதில்

சித்தப்பாவுக்கு வாரம் இரண்டு முறை ஓசூர், எப்போதாவது கிருஷ்ணகிரி, தருமபுரி. ஆண்டுக்கு 4,000 கி.மீ. போட்டேன். ஐந்து ஆண்டில் அமேஸுக்கு அதிகமாக ஆகும் தொகை ஏறத்தாழ 58,000 ரூபாய். மாதத்துக்கு ஆயிரத்துக்கும் குறைவு.

நண்பரோ போக வர எண்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர். ஆண்டுக்கு 20,000 கி.மீ. அதே செல்லில் இந்த எண்ணைப் போட்டதும் வித்தியாசம் ஏறத்தாழ 2 லட்சம் ஆகிவிட்டது.

ஒரு கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 77 காசு வித்தியாசம். இதுதான் இந்தப் போட்டியின் சாரம். இனி கேள்வி "எது நல்ல கார்?" என்பதல்ல. "நான்கு சிலிண்டர் என்ஜினுக்கும், 34 லிட்டர் கூடுதல் டிக்கிக்கும், 9 மி.மீ. கூடுதல் தரை இடைவெளிக்கும் நான் இவ்வளவு கொடுக்கத் தயாரா?" என்பதே.

நண்பர் டிசையர் எடுத்தார். சித்தப்பா அமேஸ் பக்கம் சாய்ந்தார். சித்திக்கு மூட்டு வலி. இரண்டு ஷோரூமிலும் பின் சீட்டில் ஏறி இறங்கிப் பார்த்து, "எனக்கு இதுதான் சௌகரியம்" என்று சொல்லிவிட்டார். அந்த வரியை எந்த ஷீட்டிலும் எழுத முடியாது. உங்கள் வீட்டில் அடிக்கடி பின்னால் உட்காரப் போகிறவரையும் டெஸ்ட் டிரைவுக்கு அழைத்துப் போங்கள்.

காரைவிடப் பெரிய வித்தியாசம்

சித்தப்பா ஓய்வுப் பணத்தை முழுவதும் காரில் போட விரும்பவில்லை. தங்கையின் படிப்பு இன்னும் பாக்கி இருக்கிறது. எனவே 6 லட்சம் கடன். ஒரு நிதி நிறுவனத்தில் "வட்டி 9 சதவீதம்தான், ஐந்து வருஷம், மாசம் 14,500" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வங்கியிலும் 9 சதவீதம்தான். இரண்டும் ஒன்றுதானே என்றார்.

ஷீட்டில் பார்த்து விடுவோம். காலி செல் ஒன்றைக் கிளிக் செய்து, இன்சர்ட் மெனுவில் பங்ஷன் பிரிவைத் திறந்து, பைனான்ஷியல் வகையில் பி.எம்.டி. என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரேட் கட்டத்தில் 9%/12, என்பெர் கட்டத்தில் 60, பி.வி. கட்டத்தில் -600000. ஓகே கிளிக் செய்தால் வரும் மாதத் தவணை 12,455 ரூபாய். சீட்டில் இருந்ததோ 14,500!

காரணம், அந்தச் சீட்டில் இருந்தது பிளாட் வட்டி. கடனைக் கட்டக் கட்ட அசல் குறைந்தாலும், வட்டியை முதல் நாள் தொகையான 6 லட்சத்துக்கே ஐந்து ஆண்டும் போடுவார்கள். மொத்த வட்டி 2,70,000. வங்கியில் குறையும் அசலுக்கு மட்டும் வட்டி. மொத்தம் சுமார் 1,47,300. வித்தியாசம் 1,22,700. சித்தப்பாவுக்கு இரண்டு கார்களுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்! அதே பைனான்ஷியல் வகையில் உள்ள ரேட் என்ற பங்ஷனில் 60, -14500, 600000 என்று கொடுத்து, விடையை 12-ஆல் பெருக்கினால் உண்மையான வட்டி தெரியும்: 15.7 சதவீதம்.

"தவணை குறையட்டும், ஏழு ஆண்டாக எடுங்கள்" என்பார்கள். என்பெர் கட்டத்தில் 84 போடுங்கள். தவணை 9,653 ஆகக் குறையும். மொத்த வட்டி ஏறத்தாழ 2,10,900 ஆக உயரும். எதைச் சொன்னாலும் தவணையை மாதங்களால் பெருக்கிப் பாருங்கள்.

எல்லைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

எங்கள் பகுதியில் பலருக்கு வேலை கர்நாடகத்தில், வீடு தமிழ்நாட்டில். பெங்களூரில் தள்ளுபடி அதிகம் என்று அங்கேயே பதிவு செய்து விடுகிறார்கள். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 47-வது பிரிவுப்படி அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும். வரியும் கட்ட வேண்டி வரும். கார் எங்கே நிற்கப் போகிறதோ அங்கே பதிவு செய்வதே நல்லது. தள்ளுபடித் தொகையை ஷீட்டில் போடும்போது இதையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

பைலை ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்து வையுங்கள். நாளை டிராக்டரோ வாஷிங் மெஷினோ வாங்கும்போது, பெயர்களையும் எண்களையும் மாற்றினால் அதே ஷீட் மீண்டும் பயன்படும். ஷோரூமுக்குப் போகும்போது ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். விற்பனையாளர் சொல்லும் ஒவ்வொரு தொகையையும் அதில் எந்த வரிக்கு நேரே எழுதுவது என்று கேளுங்கள்.