உப்புக் காற்றும் கண்ணாடித் திரையும்

எண்பதுகளில் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் ரி.வி. பார்க்க மூன்று பேர் வேண்டும். வெளியே அன்ரனாக் குழாயைப் பிடித்துத் திருப்ப மாமா. வாசற்படியில் நின்று சேதி சொல்ல அக்கா. திரைக்கு முன்னால் நான். "வந்திட்டா?" "இன்னும் கொஞ்சம் மாமா... நில்லுங்கோ, நில்லுங்கோ... போயிட்டுது!" சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும் ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் தொடங்கின. முகம் தெரிகிற நாளில் குரல் கரகரக்கும். குரல் தெளிந்த நாளில் திரை முழுக்கப் புள்ளி மழை.

வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து விடிய விடியப் படம் பார்த்த இரவுகளில் இந்தத் தொல்லை இல்லை. டெக்கின் வயரை ரி.வி.யின் அன்ரனாத் துளையில் செருகிவிட்டு, யூ.எச்.எஃப். 36ஆம் அலைவரிசைப் பக்கம் குமிழை நகத்தால் மெல்ல மெல்லத் தள்ள வேண்டும். டெக்குக்குள் சின்னஞ்சிறு ஒளிபரப்பி ஒன்று இருந்தது. கசெற்றில் உள்ள படத்தை அது ஒரு நிலையம்போல அனுப்பும், ரி.வி.யும் நம்பிவிடும். 1982இல் பிரித்தானியாவில் வந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் கணினியும் தனக்கென்று திரை இல்லாமல், இதே 36ஆம் அலைவரிசையில்தான் வீட்டு ரி.வி.க்குள் நுழைந்தது. எங்கள் ஊர் டெக் பொடியன்கள் கணினியைக் கண்ணால் காணாமலே அதன் முதல் பாடத்தைப் படித்திருந்தார்கள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

திரைக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாய் இந்த ஊருக்கு வந்தது ரி.வி.க்கும் முன்பே. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது ரேடார் முன்னரே எச்சரித்தது. அந்த ரேடாரின் கண்ணும் கதோட்டுக் கதிர்க் குழாய்தான்.

ரி.வி. பழுதானால் திருத்த வருகிறவர் முதலில் பின்மூடியைக் கழற்றி முகர்ந்து பார்ப்பார். இந்தப் பக்கம் திறந்த கடல், அந்தப் பக்கம் உட்துறைமுகம், நடுவில் ஊர். இரண்டு பக்கத்து உப்பும் ஈரமும் உள்ளே படிந்தால் 25,000 வோல்ற் வரை ஏறுகிற இடத்தில் சர்ரென்று கசியும், ஒரு கூர்மையான மணம் வரும். ஆணி முறுக்கியில் வயர் கட்டி, மறுமுனையைச் சட்டத்தில் கொளுவி, குழாயின் ரப்பர் தொப்பிக்குள் நுழைப்பார். 'டப்' என்று ஒரு பொறி. பிளக்கைப் பிடுங்கி வைத்த பிறகும் குழாய் மின்னைப் பிடித்து வைத்திருக்கும். அவருடைய இடது கை எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். இரண்டு கையாலும் தொட்டால் மின் நெஞ்சு வழியே போகும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

பிறகு கணினி வகுப்புகளின் காலம். 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ. பிளக், மூன்று வரிசையில் 15 ஊசிகள். படம் மஞ்சளாகவோ நீலமாகவோ சாய்ந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது அந்த ஊசிகளைத்தான். பச்சை பிடித்திருக்கும். பழைய பல் பிரஷ்ஷும் கொஞ்சம் ஸ்பிரிற்றும் போதும்.

2022இல் ரூபாய் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐ எட்டியது. புதுத் திரை பலருக்கு எட்டாப் பொருளாக, பரணில் கிடந்த மொனிற்றர்கள் கீழே இறங்கின. உயர்தரம் படிக்கும் அடுத்த வீட்டுத் தம்பி கையில் ஒரு பழைய சின்னக் கணினியோடு வந்தான். அதில் எச்.டி.எம்.ஐ. துளை மட்டுமே. என்னிடம் இருந்ததோ 15 அங்குலக் கண்ணாடி மொனிற்றர்.

அவன் முதலில் வாங்கிவந்தது வெறும் வயர். ஒரு முனை எச்.டி.எம்.ஐ., மறுமுனை வி.ஜி.ஏ. திரை இருட்டாகவே இருந்தது. ஒன்று எண்களாகப் பேசுகிறது, மற்றது 0.7 வோல்ற்றுக்குள் ஏறி இறங்கும் அலையை எதிர்பார்க்கிறது. வயரால் மொழிபெயர்க்க முடியாது, உள்ளே சில்லு உள்ள மாற்றி வேண்டும். அதை வாங்கி மாட்டியதும் விளக்கு எரிந்தது, 'எல்லைக்கு வெளியே' என்ற பொருளில் ஒரு வரி மிதந்தது.

பழைய ரி.வி. யாரிடமும் எதுவும் கேட்காது. கலங்கிய படமென்றாலும் காட்டும், மிச்சத்தை நாம் குமிழால் சரிசெய்வோம். இன்றைய கணினி முதலில் திரையிடம் "நீ யார், எவ்வளவு தாங்குவாய்?" என்று கேட்கிறது. பதில் வி.ஜி.ஏ. பிளக்கின் 12ஆம், 15ஆம் ஊசிகள் வழியே போகும். எங்கள் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் 12ஆவது அடியோடு அரித்து உதிர்ந்திருந்தது. திரை பெயர் சொல்லாததால் மாற்றியே தன்னிடமிருந்த பொதுப் பதிலைக் கொடுத்திருக்க வேண்டும். கணினியும் நொடிக்கு 67,500 கோடுகளை அனுப்பியது. அந்த மொனிற்றர் தாங்குவது 54,000. இரண்டு கருவிகள் தமக்குள் பேசி முடிவெடுக்க, மனிதர் வெளியே நிற்கிறோம். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

குறைந்த தெளிவில் துவங்க வைத்து, 1024க்கு 768 என்று நிறுத்தினோம். அது ஏறக்குறைய 48,000 கோடு. படம் குதித்து வந்து நின்றது. மின் கட்டணம் கூடுமென்று அவனிடம் மறைக்காமல் சொன்னேன். ஆனால் ஈயம் கலந்த அந்தக் கண்ணாடியைக் குப்பையில் எறிவதைவிட இது மேல்.

அவனுக்கு ஆசை பிடித்துவிட்டது. அப்பாவின் 14 அங்குல ரி.வி.யையும் எழுப்பலாமா என்றான். அதற்கு அன்ரனாத் துளை மட்டுமே உண்டு. ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து மஞ்சள் வயரை எடுத்து, பட்டி உருகிச் செத்துக் கிடந்த டெக்கின் உள்வாயிலில் செருகினோம். கசெற் ஓடாது, ஒளிபரப்பி இன்னும் உயிரோடிருந்தது. தம்பி நகத்தால் குமிழைத் தள்ளினான். படம் வந்தது, நிறமில்லாமல் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே. கணினி அமெரிக்க முறையில் 525 கோட்டுப் படம் அனுப்புகிறது, நம்முடையது 625 கோட்டு 'பால்' (PAL) முறை. அமைப்புக் கோப்பில் 0 இருந்த இடத்தில் 2 போட்டோம். உருளல் நின்றது, நிறம் வந்தது.

"முதல் எழுத்தெல்லாம் காணேல்லையே" என்றான். ஒவ்வொரு வரியின் தொடக்கமும் ரி.வி.யின் சட்டத்துக்குள் ஒளிந்திருந்தது. ஓரத்தை 24 புள்ளி உள்ளே தள்ளினோம்.