சூரியன் மறையாத ஊரில் ஏன் இவ்வளவு குளிர்?

துருவத்துல வெயிலே அடிக்காது, அதனாலதான் குளிர் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. தென் துருவத்தில் வருஷத்துக்கு ஆறு மாதம் சூரியன் மறைவதே இல்லை. ஆனால் நடுக்கோடையில்கூட அது அடிவானத்திலிருந்து 23.5 டிகிரிக்கு மேல் ஏறாது. நம்ம ஊர் சாயங்காலம் நாலரை மணி வெயில் மாதிரி சாய்ந்தே விழும். அகலமாகப் பரவுவதால் உறைக்காது.

விழுகிற வெயிலையும் பனி வாங்கிக்கொள்வதில்லை. நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். வரவு வைக்கிறதுக்குள்ளேயே பணம் திரும்பிப் போகிற கணக்கு! அடுத்த ஆறு மாதம் இரவு. வரவே கிடையாது, தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். போதாததற்குத் தென் துருவம் சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியைவிட உயரம். அந்த அண்டார்டிகாவின் வோஸ்டாக் ஆய்வு நிலையத்தில்தான் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ் பதிவானது.

வட துருவத்தில் இவ்வளவு குளிர் இல்லை. அங்கே பனிக்கு அடியில் கடல். அது கொஞ்சம் சூடு கொடுக்கும். ஆனால் கவலையும் அங்கேதான். பனி உருகினால் கருத்த கடல் வெளியே தெரியும். அது வெயிலில் 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சி, பக்கத்துப் பனியையும் கரைக்கும். மூடாக்கை எடுத்த மண் எப்படிக் காயும்னு நமக்குத் தெரியும்தானே? செயற்கைக்கோள் கணக்கு தொடங்கிய 1979 முதல், செப்டம்பரில் மிஞ்சும் ஆர்க்டிக் பனிப்பரப்பு பத்தாண்டுக்குச் சுமார் 12 சதவீதம் குறைந்துவருகிறது.