காட்டுப்பன்றியிடமிருந்து பயிர் காத்தல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காட்டோரங்களிலும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும் மக்காச்சோளமும் நிலக்கடலையும் மரவள்ளியும் பயிரிடும் உழவர்களுக்கு, விளைச்சல் கைக்கு வரும் தறுவாயில்தான் காட்டுப்பன்றியால் பேரிழப்பு நேர்கிறது. பார்வை மங்கலாயினும் மோப்பமும் செவிப்புலனும் கூர்மையாக வாய்த்த இவ்விலங்கு, இரவில் கூட்டமாக வந்து, பால் பிடித்த மக்காச்சோளத் தட்டைகளைச் சாய்த்தும், மூக்கால் மண்ணைக் கிளறிக் கடலையையும் கிழங்கையும் தோண்டியும், தின்பதைவிட அதிகமாகப் பாழாக்கிவிட்டுச் செல்கிறது.

வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுவதும், முடிதிருத்தகங்களிலிருந்து பெற்ற தலைமுடியை வரப்பில் தூவுவதும், பரண் அமைத்துத் தகரம் தட்டுவதும் வழக்கத்தில் உள்ளன. இவை தொடக்கத்தில் பயன் தந்தாலும், கேடு எதுவும் விளையவில்லை என்று கண்டதும் பன்றி அவற்றுக்குப் பழகிவிடுவதால், கதிர் முற்றும் சில வாரங்களுக்கு மட்டும் இவற்றை மாற்றி மாற்றிக் கையாள்வதே தக்கது.

இவற்றினும் உறுதியானது சூரிய மின்வேலி. இதில் ‘எனர்ஜைசர்’ எனப்படும் கருவி, நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை, கண நேரமே நீடிக்கும் உயர் அழுத்த மின்துடிப்பைக் கம்பியில் செலுத்துவதால், தொடும் விலங்கு அதிர்ந்து விலகுமேயன்றிச் சாவதில்லை. பன்றி தலை தாழ்த்தி நுழையும் விலங்காதலால், அடிக்கம்பி தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் இருத்தல் வேண்டும். அவ்வளவு தாழ்வாக இருக்கும் கம்பியில் புல்லும் கொடியும் பட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும் என்பதால், வேலியோரம் களையெடுப்பதும் பயிர்க்காவலின் ஒரு பகுதியே. ஒருவர் நிலத்தை மட்டும் வளைத்தால் கூட்டம் அடுத்தவர் நிலத்துக்குத் திரும்பும். ஆகவே பக்கத்து நிலத்தார் சேர்ந்து போடும் பொதுவேலியே சிறந்தது.

மின்கம்பத்திலிருந்து நேரடியாக மின்சாரத்தை இழுத்துக் கட்டும் வேலி முற்றிலும் வேறானது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பன்றிக்கென இவ்வாறு அமைத்த கம்பியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. மனித உயிர்களும் இத்தகைய வேலிகளுக்குப் பலியாகின்றன. தீனிக்குள் வெடிமருந்து பொதிந்து வைக்கும் ‘அவுட்டுக்காய்’ யானையின் வாயைச் சிதைத்து, உண்ண முடியாமல் அதைப் பட்டினியில் சாகவிடுகிறது. பயிரிழப்பு எவ்வளவு பெரிதாயினும் இவ்விரண்டையும் நியாயப்படுத்த இயலாது.

2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த நெறிமுறை, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடத் தடை விதித்து, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடவும், அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடவும் வகை செய்கிறது. எனினும், காட்டுக்குத் தொலைவிலுள்ள ஏரிகளிலும் புறம்போக்கிலும் மண்டிய சீமைக்கருவேலப் புதர்களே பகலில் பன்றிகளுக்கு மறைவிடமாவதால், அவற்றை அகற்றும் பணியும் இதனுடன் சேர்ந்தே நடைபெற வேண்டும்.